செத்த மாட்டுச் சேதி

காலை ஏழே முக்காலுக்குப் போன் வந்தது.

"சார், நம்ம பட்டி மாடு ஒண்ணு போயிருச்சு. நேத்து சாயங்காலம் திரும்பல. இப்பத்தான் பாத்தோம், ஓடைக்கு அந்தப் பக்கம் புலி அடிச்சுப் போட்டிருக்கு. உங்காளுங்க இன்னும் வரல. வெயில் ஏறுனா வந்துருவாங்க. கிளம்புறீங்களா?"

"அப்படியா! ரொம்ப சந்தோஷங்கண்ணா, இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. ஒரு மனிதர் தன் மாடு செத்ததைச் சொல்கிறார், நான் சந்தோஷம் என்கிறேன். எதிர்முனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரித்தார். "உங்களுக்குச் சந்தோஷம்தான் சார். வாங்க."

அவர் 'உங்காளுங்க' என்றது பாறு கழுகுகளை. நான்கு வருடமாக அவற்றைப் பார்ப்பதற்காக நீலகிரியின் வடக்கு அடிவாரத்துக்குப் போய்வருகிறேன். அங்கே எனக்குக் கிடைத்த நல்ல காட்சிகளில் பாதிக்கு மேல் இப்படி ஏதோ ஒரு மாட்டுக்காரர் வீட்டு இழப்பிலிருந்துதான் தொடங்கியிருக்கின்றன. அதைச் சொல்லாமல் கழுகைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தது எனக்கே உறுத்தலாக இருந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் சீகூர் சமவெளி. மேலே தேயிலையும் குளிரும். கீழே முள்காடு, காய்ந்த புல், புழுதி. இரண்டும் ஒரே மாவட்டம் என்று நம்புவதே சிரமம். வடக்கே மோயாறு ஆழமான பள்ளத்தாக்கை அறுத்துக்கொண்டு பவானிசாகர் அணையை நோக்கி ஓடுகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தின் பந்திப்பூர், இந்தப் பக்கம் முதுமலை, கிழக்கே போகப் போகச் சத்தியமங்கலம். தென்னிந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் அதிகமாகக் கூடு கட்டும் இடம் இந்த மோயாற்றுப் பள்ளத்தாக்குதான். ஆற்றையும் ஓடைகளையும் ஒட்டி ஓங்கி நிற்கும் நீர்மருது மரங்களின் உச்சியில் கூடு வைக்கும். வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை. அது பொரிந்து, குஞ்சு பறக்க ஏறக்குறைய ஆறு மாதம் ஆகிவிடும். எந்த ஓடை, எந்த மரம் என்று இங்கே எழுத மாட்டேன், கேட்காதீர்கள். கேமராவோடு கூட்டம் போனால் கூடு கைவிடப்படும்.

பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. நம்மூரில் வானத்தில் பெரிதாக எது பறந்தாலும் கழுகுதான். கோழிக்குஞ்சைத் தூக்குவதும் கழுகு, பாம்பைப் பிடிப்பதும் கழுகு, செத்ததைத் தின்னும் இதுவும் கழுகு. சங்கப் பாடல்களில் பாறு, எருவை என்று தனிப் பெயர்களே உண்டு. நடுவில் எங்கேயோ அவை வழக்கொழிந்து, பிணந்தின்னி என்ற வசைதான் மிஞ்சியது. இப்போது பறவை ஆர்வலர்கள் பாறு என்ற சொல்லைத் திரும்ப எடுத்துப் புழங்குகிறார்கள். 'அருளகம்' அமைப்பின் சு. பாரதிதாசன் போன்றவர்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் பல வருடங்களாக இதைப் பேசிப் பேசிப் பரப்பியிருக்கிறார்கள். வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செம்முகப் பாறு, மஞ்சள்முகப் பாறு என்று நான்கு வகை இங்கே உண்டு. முதல் மூன்றும் அழிவின் விளிம்பில் இருப்பவை. நான்காவதும் ஆபத்துப் பட்டியலில்தான் இருக்கிறது. திருக்கழுக்குன்றத்தில் மத்தியானச் சோற்றுக்கு வந்து போனது அந்த மஞ்சள்முகம்தான். அங்கே அது வருவது நின்று கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது.

என் முதல் பயணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பறவை பார்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, இருட்டிலேயே எழுந்துவிட வேண்டும். ஆறு மணிக்கெல்லாம் மசினகுடியைத் தாண்டி ஒரு பட்டா நிலத்து வரப்பில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாயிற்று, எட்டாயிற்று. மயில் அகவியது, கொண்டைக்குருவி கத்தியது. வானத்தில் ஒன்றும் இல்லை. மாடு ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த ஒருவர் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யானை வர்ற இடம் சார் இது. என்ன தேடுறீங்க?"

சொன்னேன்.

"அதுக்கு இந்நேரத்துக்கே வந்தா எப்படி? அதுவும் வெயில் காயணுமில்ல. உடம்பு கனம். பூமி சூடாகி, கீழிருந்து காத்து தூக்கிக் குடுத்தாத்தான் எந்திரிக்கும். ஒம்பது மணிக்கு மேல பாருங்க. இப்பப் பாக்கணும்னா வானத்தப் பாக்காதீங்க, மரத்தப் பாருங்க."

அவர் காட்டிய திசையில் வெகுதூரத்தில் ஒரு பட்டுப்போன மரம். பைனாகுலரை வைத்துப் பார்த்தால், உச்சிக் கிளைகளில் ஐந்து கறுப்பு மூட்டைகள். ஒன்று மெதுவாக இரண்டு சிறகுகளையும் விரித்து, துவைத்த போர்வையைக் கொடியில் காயப்போட்டது போல அப்படியே வெயிலுக்குக் காட்டிக்கொண்டு நின்றது. ஏழு அடி அகலம் இருக்கும். திரும்பியபோது முதுகின் கீழ்ப்பகுதியில் பளீரென்று ஒரு வெள்ளைத் திட்டு. இரண்டு மணி நேரமாக நான் அந்த மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

காலை ஏழே முக்காலுக்குப் போன் செய்தவர் அவர்தான். இன்றுவரை அவரை நான் அண்ணா என்பேன், அவர் என்னை சார் என்பார். எவ்வளவு சொல்லியும் அந்த சாரை விடவில்லை.

பட்டி என்றால் என்ன என்று இந்தப் பக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முள்வேலி போட்ட தொழுவம். பகலில் மேய்ந்த மாடுகளை இரவில் அடைத்துவைக்கும் இடம். பெரும்பாலும் நாட்டு மாடுகள், கறக்கும் பால் கொஞ்சம்தான். பட்டியின் உண்மையான வருமானம் சாணம். லாரி லாரியாகக் கேரளத் தோட்டங்களுக்குப் போகும். பட்டிக்காரர், மேய்க்கும் இருளர், பக்கத்து ஊர்ப் படுகர் என்று பல சமூகத்தார் கைகள் சேர்ந்து நடக்கும் தொழில் இது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் காட்டுக்குள் மாடு மேய்ப்பதைத் தடை செய்தது. பிறகு அந்தத் தடை புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றுக்கு மட்டும் என்று மாறியது. சீகூர் பக்கம் எல்லாமே காப்பகத்துக்குள்ளோ அதன் ஓரத்திலோதான் வருகிறது. பட்டிகள் குறைந்துகொண்டே வருகின்றன. இதில் எனக்கு ஒரு பக்கமாகப் பேச வரவில்லை. ஊர் மாடு நோயைக் காட்டுக்குள் கொண்டுபோகும், மானுக்கும் காட்டெருமைக்கும் உள்ள புல்லைத் தின்னும் என்பது உண்மை. மாட்டுக்காரர் போய்விட்டால் அந்த வானத்தை நாள் தவறாமல் பார்க்கும் கண்களும் போய்விடும் என்பதும் உண்மை.

கழுகுகளுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பலருக்குத் தெரிந்த கதைதான். 1980களில் ஒவ்வொரு ஊர்க்கோடியிலும் செத்த மாட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த பறவை இது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு குறைந்தது. ஆயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. என்ன நோய், என்ன கிருமி என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு 2004-இல் பாகிஸ்தானில் நடந்த ஆய்விலிருந்து விடை கிடைத்தது. மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் போடும் டைக்ளோபினாக் ஊசிதான் காரணம். ஊசி போட்ட மாடு சில நாட்களுக்குள் செத்து, அதைப் பாறு தின்றால் சிறுநீரகம் செயலிழக்கும். யூரிக் அமிலம் வெளியேறாமல் உள்ளுறுப்புகள்மேல் சுண்ணாம்பு பூசியது போலப் படியும். பறவை கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருந்து ஒருநாள் கீழே விழும்.

இதில் எனக்கு இன்னும் பிடிபடாமல் இருப்பது கணக்குதான். நூறு மாட்டுச் சடலங்களில் ஒன்றில்கூட இந்த மருந்து இருக்க வேண்டியதில்லை, அதற்கும் குறைவாக இருந்தாலே இந்த அளவு சரிவுக்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு சடலத்துக்கு ஐம்பது பறவை வந்து உட்கார்ந்தால் ஐம்பதும் போகும். கூடித் தின்பது என்ற அதன் நல்ல குணமே அதற்கு எமனாயிற்று.

2006-இல் மாட்டுக்கான டைக்ளோபினாக் தடை செய்யப்பட்டது. ஆனால் மனிதருக்கான மருந்து 30 மில்லி புட்டியில் கடைகளில் கிடைத்தது. மனிதருக்கு ஒரு தடவைக்கு 3 மில்லி போதும். 30 மில்லி யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். 2015-இல் அந்தப் பெரிய புட்டியும் தடை செய்யப்பட்டது. மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன, 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை செல்லும் என்றது. 2023-இல் கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் இரண்டும் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடையாயின. அசிக்ளோபினாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோபினாக்காகவே மாறிவிடும், அதனால் வேறு பெயரில் அதே விஷம். மெலாக்சிகாம் போட்டால் மாட்டுக்கும் வலி தீரும், பாறுக்கும் ஒன்றும் ஆகாது. இவ்வளவையும் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். பட்டிக்கார அண்ணன் அதை ஒரே வரியில் எனக்குத் திருப்பிச் சொன்னார். அதற்கு அந்த ஓடைக்கரைக்குத் திரும்ப வேண்டும்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டே முக்கால். வனப் பணியாளர்கள் வந்து பார்த்து, படம் எடுத்து, அளந்து எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். புலி அடித்ததுதான் என்று உறுதியானால்தான் நஷ்டஈடு. எங்களை இந்தக் கரையிலேயே நிற்கச் சொல்லியிருந்தார்கள். அடித்த புலி இரைக்குத் திரும்ப வரும், பக்கத்தில் போவது உயிருக்கு ஆபத்து. அதனால் இருநூறு மீட்டர் தள்ளி, அவருக்குத் தெரிந்தவரின் வயல் ஓரத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தோம். அவர், மேய்க்கப் போன பையன், நான். பையன் முகம் வீங்கியிருந்தது. மாட்டைத் தொலைத்துவிட்டு வந்ததற்கு வீட்டில் திட்டு வாங்கியிருக்க வேண்டும்.

முதலில் காக்கைகள்தான். அப்புறம் அண்டங்காக்கை நான்கு. அவை குதித்துக் குதித்து மாட்டின் கண் பக்கம் போயின. ஒன்பதரை தாண்டியும் வானம் வெறுமையாகவே இருந்தது. "பொறுங்க" என்றார். ஒன்பதே முக்கால் சுமாருக்கு வடக்கே, மோயாற்றுப் பக்கம், ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி. அது வட்டமடிக்கவில்லை, நேராக வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. பாறுக்கு மோப்பம் கிடையாது, எல்லாம் கண்தான். காக்கை கூடுவதை ஒரு பாறு பார்க்கும், அந்தப் பாறு இறங்குவதை அடுத்த பாறு பார்க்கும், அதை மூன்று கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று பார்க்கும். வானத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே காவல் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இறங்கியவை இரண்டு செம்முகப் பாறுகள். சிவந்த மொட்டைத் தலை, கழுத்தில் இரண்டு பக்கமும் தொங்கும் தோல் மடிப்பு. கூட்டமாக வராது, ஜோடியாகத்தான் பெரும்பாலும். மாட்டைச் சுற்றி நடந்துவிட்டுச் சும்மா நின்றன. அப்புறம்தான் வெண்முதுகுக் கூட்டம். காலைத் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கும்போது சிறகில் காற்று அடிக்கும் சத்தம் எங்களுக்கே கேட்டது, ஜமக்காளத்தை உதறுவது போல. பதினேழு எண்ணினேன். பையன் பத்தொன்பது என்றான். மறுபடி எண்ணினேன், பத்தொன்பதுதான்.

பைனாகுலரை அண்ணனிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன், அவர் சடலத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்திருந்தார். ஊர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு பீடி பற்றவைத்தார்.

"செவலைன்னு பேரு. மூணாவது ஈத்து. கன்னுக்குட்டி பட்டில கத்திக்கிட்டு கெடக்குது" என்றார்.

எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. பின்னால் கொத்துகிற, இழுக்கிற, சண்டை போடுகிற சத்தம். பாறுகள் தின்னும்போது அமைதியாக இருக்காது, சீறும், கிரீச்சிடும். சத்தத்தை வைத்தே அவருக்கு எல்லாம் தெரிந்தது. "தோல் கிழிஞ்சிருச்சு, இனி சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றார் திரும்பாமலே.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "ஒண்ணு சொல்லட்டுங்களா சார். நோய் வந்து செத்த மாட்டவிட, புலி அடிச்ச மாடு உங்காளுங்களுக்கு நல்லது. இது ஊசி போடாத மாடு."

நான் பத்துப் பக்கம் படித்தது இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது. சமவெளி ஊர்களில் துடைத்தெடுத்தது போல அழிந்த பறவை இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் ஏன் தங்கிப்போனது என்பதற்குப் பெரிய காரணம் இதுதான். இங்கே புலியும் செந்நாயும் அடித்த மானும் மாடும் கிடைக்கின்றன. நோயாளி மாட்டை மட்டும் நம்பி அவை இல்லை. புலிக்குச் செவலையைக் கொடுத்தவர் அதை இவ்வளவு நிதானமாகச் சொன்னார் என்பது வேறு விஷயம்.

எல்லோரும் இந்த நிதானத்தோடு இருப்பதில்லை, இருக்கச் சொல்ல நாம் யார். புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்துவிட்டது, காகிதம் மெதுவாக நகர்கிறது, கையில் காசு இல்லை என்றால் ஆத்திரத்தில் சடலத்தில் பூச்சிமருந்தைத் தெளிக்கிறவர்கள் பல இடங்களில் இருக்கிறார்கள். புலி வருகிறதோ இல்லையோ, பாறு வந்து தின்றுவிடும். ஒரே மத்தியானத்தில் ஒரு கூட்டமே போய்விடும். அதனால் நஷ்டஈடு சீக்கிரம் கைக்கு வருவதும் ஒரு பாறு பாதுகாப்புத் திட்டம்தான் என்பது என் கட்சி. பறவைக் கூட்டங்களில் இதைச் சொன்னால் சிலர் விநோதமாகப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது வருடம் நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிட வேண்டும். அன்று ஒரு கடமான் சடலம் சாலை ஓரத்துப் புதரை ஒட்டிக் கிடந்தது. வயிறு நிறையத் தின்ற பாறுகள் தரையிலேயே உட்கார்ந்திருந்தன. படம் இன்னும் நன்றாக வரட்டும் என்று பத்தடி, இன்னும் பத்தடி என்று முன்னால் போனேன். சுற்றிலும் உண்ணிச்செடிப் புதர் அடர்ந்திருந்தது. பாறுக்கு விமானம் போல ஓடி எழும்ப வெட்டவெளி வேண்டும். புதருக்குள் சிறகு மாட்டிக்கொண்டு தடுமாறின. ஒன்று எழும்ப முடியாமல், தின்றதையெல்லாம் கக்கிவிட்டு, கனத்தைக் குறைத்துக்கொண்டு பறந்தது. அந்தக் காட்சியைப் படமும் எடுத்தேன், வெட்கக்கேடு. விறகு சுமந்து வந்த ஒரு இருளர் பாட்டி நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் கண்ணு, சாப்பாட்டுல உக்காந்தவன எழுப்பி விடுவாங்களா?"

அந்தப் படத்தை அழித்துவிட்டேன். பாட்டியை அதற்கப்புறம் பல தடவை பார்த்திருக்கிறேன். எங்கே எந்த மரத்தடியில் புதிதாக வெள்ளையாகக் கொட்டிக்கிடக்கிறது என்பதை அவர்தான் முதலில் சொல்வார். கூடு உச்சியில் இலைக்குள் மறைந்திருக்கும், கீழே எச்சம் காட்டிக்கொடுத்துவிடும். "சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கெடக்குது" என்பார். விறகுக்குக் குனிந்து நடப்பவர் கண்ணில் அதுதான் படும், அண்ணாந்து நடக்கும் என் கண்ணில் படாது.

கருங்கழுத்துப் பாறு பெரும்பாலும் மரத்தில் கூடு வைக்காது, செங்குத்துப் பாறை வேண்டும். அதைக் காட்டியவர் தேன் எடுக்கும் ஒரு தம்பி. மலைத்தேனீ அடை கட்டும் அதே மாதிரிப் பாறை விளிம்புகளில்தான் அதுவும் கூடு வைக்கிறது. "நாங்க கயிறு கட்டி எறங்குறப்ப மொறச்சுப் பாக்கும்ணா. ஒண்ணும் பண்ணாது. நாங்களும் குஞ்சு இருந்தா அந்தப் பக்கம் எறங்க மாட்டோம்" என்றார். இதை யாரும் அவருக்குச் சட்டமாக எழுதிக் கொடுத்ததில்லை.

இப்போது தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்று மாநில வனத்துறைகளும் ஒரே நாட்களில் சேர்ந்து கணக்கெடுக்கின்றன. ஒரே பறவை காலையில் இங்கே, மத்தியானம் பந்திப்பூரில் என்று இருப்பதால் தனித்தனியாக எண்ணினால் கணக்கு கெட்டுப்போகும். 2023 பிப்ரவரியில் 246, அதே வருடம் டிசம்பரில் 320. கூடியதாகத் தெரிந்தாலும், எண்ணிய இடங்களும் ஆட்களும் கூடினால் எண்ணிக்கையும் கூடும், அதனால் துள்ளிக் குதிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். மூன்று மாநிலத்துக்கும் சேர்த்து முந்நூற்றுச் சொச்சம். ஒரு நடுத்தரக் கல்யாணப் பந்திக்கு வருகிற ஆட்களைவிடக் குறைவு.

கணக்கெடுப்பு நடந்த ஒரு தடவை அண்ணனிடம் அதைச் சொன்னேன். "எப்படி எண்ணுவீங்க? ஒரே ஆள ரெண்டு தடவ எண்ணிப்புடாதீங்க" என்றார். பிறகு, வலது சிறகில் இரண்டு இறகு இல்லாத ஒன்று, ஒரு காலைச் சாய்த்து உட்காரும் ஒன்று, போன வருடத்துக் குஞ்சு இரண்டு என்று அடையாளம் சொல்லத் தொடங்கினார். நான் நோட்டை எடுத்து எழுதினேன். மாடு மேய்ப்பவருக்கு நூறு மாட்டில் எது யாருடையது என்று தெரியும். பறவையையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறார்.

போன மாசியில் இன்னொரு போன். இந்தத் தடவை குரல் அவசரமாக இருந்தது.

"சார், பட்டில ஒரு மாடு படுத்துருச்சு. பள்ளத்துல உருண்டு பின்னங்கால் வீங்கிக்கெடக்கு. ஒருத்தர் ஊசி கொண்டாந்திருக்காரு, போட்டா நாளைக்கே எந்திரிச்சிரும்ங்கறாரு. நீங்க சொன்னீங்கள்ல, அதனால புட்டிய போட்டோ புடிச்சு அனுப்பியிருக்கேன். பாத்துச் சொல்லுங்க."

வாட்ஸப்பில் படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். அசிக்ளோபினாக். பழைய சரக்காக இருக்கும்.

"இது வேண்டாங்கண்ணா. கவர்மெண்ட் டாக்டரக் கூப்பிட்டு, மெலாக்சிகாம் போடலாமான்னு கேளுங்க."

"அவர் வர சாயங்காலம் ஆகுமாம். அதுவரைக்கும் மாடு வலி தாங்கணுமே." கொஞ்சம் நிறுத்தினார். "செத்துப்போச்சுன்னா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ பெறும் அவருடைய மாட்டின்மேல் நான் பந்தயம் கட்டுகிறேன். எழுந்து நின்றுவிடும் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. "உங்க இஷ்டங்கண்ணா" என்று நழுவவும் மனம் வரவில்லை. டாக்டர் வரும்வரை பொறுக்கச் சொன்னேன். சரி என்று வைத்துவிட்டார்.

அன்று இரவு டாக்டர் வந்து ஊசி போட்டதாக ஒரு வரி மட்டும் செய்தி வந்தது. மறுநாள் ஒன்றும் வரவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கப் பயம். ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு நாளும் எங்கோ ஒரு மூலையில் எனக்கு இன்னொரு எண்ணமும் ஓடிக்கொண்டிருந்தது. மெலாக்சிகாம் போட்ட மாடு. செத்தாலும் பாறுக்குக் கெடுதல் இல்லை. வார இறுதி வேறு வருகிறது. பையை எடுத்து பேட்டரியைச் சார்ஜ் போட்டுக்கூட வைத்தேன்.

மூன்றாம் நாள் காலை ஏழரைக்குப் போன் அடித்தது. எடுத்ததும் எதிர்முனையில் மாட்டுக் கழுத்து மணிச் சத்தம்.

"சேதி ஒண்ணும் இல்ல சார்" என்றார். "எந்திரிச்சு நிக்குது. நொண்டி நொண்டி மேயுது. மேல மூணு பேரு சுத்திப் பாத்துட்டு இப்பத்தான் போனாங்க. உங்காளுங்களுக்கு இன்னிக்குப் பட்டினிதான்."

சந்தோஷங்கண்ணா என்றேன். இந்தத் தடவை அவர் சத்தமாகச் சிரித்தார்.